குதிக்கிற கட்டில்

போடிநாயக்கனூர்
18-6-1979

அன்புத் தம்பி மலைச்சாமிக்கு அக்கா பாண்டியம்மாள் எழுதுவது.

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் மகள் பேச்சிக்குக் கை முறிந்துவிட்டது. வலது கை. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே. இல்லை, பதறு. கொஞ்சமாவது பதறு.

எல்லாம் நீ அனுப்பிய அந்தக் குதிக்கிற கட்டிலால் வந்தது. எஸ்டேட் துரை பங்களாவைக் காலி செய்தபோது சல்லிசாகக் கிடைத்தது, பிள்ளை விளையாட ஆகும் என்று துண்டுச்சீட்டு எழுதி, ஏலக்காய் லோடோடு ஜீப்பில் ஏற்றி விட்டாய். டிராம்போலின் என்று அதன் இங்கிலீஷ் பேரையும் எழுதியிருந்தாய். எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. சல்லிசாகக் கிடைத்தால் எதை வேண்டுமானாலும் வாங்கிவிடுவதா? ஓரத்தில் பாதி ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது. இல்லாத இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருக்கிறாய். எங்கே போடுவது, எத்தனை பேர் ஏறலாம் என்று ஒரு வரி எழுதினாயா? பங்களாவில் அது புல்தரையில் கிடந்திருக்கும். என் வீட்டுக் கொல்லை உனக்குத் தெரியாதா? பாறை மாதிரித் தரை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் துவைகல்.

என் வீட்டுக்காரரையும் சொல்ல வேண்டும். "மாப்ளே ஆசையா அனுப்பிருக்காரு" என்று பூரித்துப்போய் நாலு காலையும் மாட்டி நிறுத்திவிட்டு, இலவம்பஞ்சு மில்லுக்குச் சோலி பார்க்கப் போய்விட்டார். தெருப்பிள்ளைகள் முழுக்க என் கொல்லையில்தான். நான் உலையைப் பார்ப்பேனா, இதுகளைப் பார்ப்பேனா?

அன்று என் பெரியவனும் பேச்சியும் சேர்ந்து ஏறியிருக்கிறார்கள். அவன் கனத்த உடம்புக்காரன். அவன் ஓங்கி மிதித்த வேகத்தில் இவள் பந்து மாதிரி எகிறி வெளியே வந்து துவைகல்லில் விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடினேன். அவள் அழவில்லை. கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அத்தே, கை வேற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது, தம்பி.

வந்த ஆத்திரத்தில் பெரியவனை விளக்குமாற்றால் அடித்துத் தீர்த்தேன். அவன் வாயே திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. கட்டுப் போட்ட டாக்டர், எதற்கு அம்மா அவ்வளவு உயரம் குதித்தாய் என்று பேச்சியிடம் கேட்டார். "ஒசக்கப் போனா செவுத்துக்கு மேல மலையில மெட்டு ரோடு தெரியும். ஜீப்பு எறங்குறது தெரியும். அப்பா வர்றாரான்னு பாத்தேன். நான் மட்டும் குதிச்சா எட்டல, அதான் அத்தானையும் மிதிக்கச் சொன்னேன்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

வாராவாரம் ஜீப் இறங்குகிறது. ஏலக்காய் வருகிறது, பலாப்பழம் வருகிறது, துரை வீட்டுக் கட்டில் வருகிறது. நீ மட்டும் வருவதில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்தால் மூக்கம்மாள் ஞாபகம் வந்துவிடுகிறது என்று உன் மச்சானிடம் சொன்னாயாம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், ஆறட்டும் என்று நானும் பொறுத்தேன். ஆனால் அந்த முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். தலை சீவும்போது பார்க்கிறேன், சோறு ஊட்டும்போது பார்க்கிறேன். மூக்கம்மாள் எனக்கும் யாரோ இல்லை. நான் எங்கே ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன்?

உன் மச்சான் கட்டிலை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடக் கிளம்பினார். அப்போதுதான் பேச்சி அழுதாள். "அப்பா வந்து எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது" என்று தேம்பினாள். அதனால் உடைக்கவில்லை. சுவரை விட்டும் துவைகல்லை விட்டும் தள்ளிக் குழி தோண்டி, கட்டிலை அதற்குள் இறக்கித் தரையோடு தரையாகப் போட்டாகிவிட்டது. புது ஸ்பிரிங் மாட்டி, சுற்றிலும் சாக்கில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்து மூடியிருக்கிறேன். இனி ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். குட்டிக்கரணம் கூடாது. நானோ அவரோ பக்கத்தில் நிற்காமல் யாரும் ஏறக்கூடாது. இனிமேல் யாரும் விழ மாட்டார்கள். ஆனால் அவள் எவ்வளவு எம்பிக் குதித்தாலும் ரோடு தெரியாது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. நீதான் செய்ய வேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதே. ஜீப்பில் ஒரு சாமானும் ஏற்றிவிடாதே. கட்டுப் பிரிப்பதற்குள் நீ வந்து சேர். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேச வேண்டாம், சும்மா பக்கத்தில் உட்கார். இடது கையால் சாப்பிடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். ஊட்டிவிடு.

சுப்பிரமணியசாமி உனக்குத் துணையிருக்கட்டும். மழை பிடித்துவிட்டது, மெட்டுப் பாதையில் மண் சரிகிறதாம். இடமில்லை என்று ஜீப்பில் வெளியே தொங்கிக்கொண்டு வந்துவிடாதே. உள்ளே உட்கார்ந்து வா, அப்பு.

உன் அக்கா,
பாண்டியம்மாள்