இரண்டாவது 'டிக்'

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். நெசவாளர் சொசைட்டிக்குச் சுவிட்ச் போர்டு வந்து இறங்கியது. மர பீரோ மாதிரி இருக்கிறது. முகமெல்லாம் ஓட்டை, கீழே வால் வாலாக வயர். செக்ரெட்டரி (இனி செ.) அறை, என் மேசை, நூல் கோடவுன், சாயப்பட்டறை, தறி ஷெட், கடைத்தெரு விற்பனை டிப்போ, எல்லா இடத்துக்கும் போன். யார் யாரோடு பேச வேண்டுமானாலும் இந்தப் போர்டு வழியாகத்தான். வயர் போகும் வழி வரைந்தது நான். இனி ஒரு சேதிக்காக ஆளை சைக்கிளில் துரத்த வேண்டாம்.

வயர் இழுக்க வந்த ஆள் தானாகவே சொன்னான்: "போர்டுல குந்திகினு இருக்கறவங்க நெனச்சா எல்லார் பேச்சையும் கேக்கலாம் சார்." இதை ஏன் என்னிடம் சொன்னான்?

வாங்க: டார்ச் பேட்டரி, வசம்பு, கமலாவுக்குத் தைலம்.

ஜூலை 10, புதன்

வெயில்தான். ஆபரேட்டர் வந்தாயிற்று. பெயர் வசந்தா. அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருகிறாள். முன்பு ஒரு மில்லில் போர்டு பார்த்தவள். புருஷன் கால் ஒடிந்து படுக்கை, இவள் சம்பளத்தில்தான் வீடு என்று செ. சொன்னார். மாதக் கடைசி வரை தற்காலிகம். அப்புறம் வைப்பதா அனுப்புவதா என்று மேனேஜரான நான் சொல்ல வேண்டும்.

கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

விதிகள் எழுதி ஒவ்வொரு போனுக்கு மேலும் ஒட்டினேன். எடுத்ததும் இடத்தின் பெயர் சொல்லவும். சொந்தக் கதை கூடாது. கேட்ட சேதியை அப்படியே திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கவும். கடைசி விதிதான் உயிர். போன மாதம் சைக்கிளில் போனவன் நிறத்தை மாற்றிச் சொல்லி தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் முழுக்கப் பாழ்.

ஜூலை 13, சனி

ஆடிக் கிருத்திகைக்கு இந்த வருஷத் துண்டு முடிவானது. மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. மலை ஏறும் காவடிக்காரர்கள் வாங்குவது. இந்த வியாபாரம் விழுந்தால் அடுத்த பொங்கல் வரை தறிக்காரர்கள் பாடு திண்டாட்டம். செ.வும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்தோம். போனில் தறி ஷெட்டுக்குச் சொன்னேன்.

ஒன்று கவனித்தேன். லைன் கிடைக்கும்போது காதில் ஒரு 'டிக்'. பேச ஆரம்பித்த பிறகு இன்னொரு 'டிக்'. முதலாவது சரி. இரண்டாவது எதற்கு?

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. தூறல் வருவது போல வந்து ஏமாற்றியது. கடைத்தெரு மொத்த வியாபாரி வாசலில் மஞ்சள் துண்டு தொங்குகிறது. அரக்குக் கரை. எங்கள் டிப்போவுக்குச் சரக்கே இன்னும் வரவில்லை.

நிறம் முன்கூட்டியே தெரிந்தவர்கள்: செ., நான், தறி ஷெட் மேஸ்திரி முனுசாமி. முனுசாமி, சொசைட்டி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். பிறகு அந்தப் போர்டு. போர்டுக்குப் பின்னால் யார்?

ஜூலை 18, வியாழன்

ஒரு வேலை செய்தேன். காலையில் முனுசாமிக்குப் போன்: "கரைய மாத்தியாச்சு. மயில்கழுத்து." இரண்டாவது 'டிக்' கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நின்றதும் நானே ஷெட்டுக்குப் போய், மயில்கழுத்து வேண்டாம், அரக்கே ஓடட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். போனில் போனது வெறும் புளுகு. இப்போது பார்ப்போம்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கமலா சிரிப்பாள். "உங்களுக்குப் பால்காரன் மேலயும் சந்தேகம், பால் மேலயும் சந்தேகம்" என்று நேற்றுதான் சொன்னாள். பால் தண்ணீராகத்தான் இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

வியாபாரி வாசலில் மயில்கழுத்துக் கரை.

சந்தோஷம். கூடவே ஏதோ ஒரு சங்கடம். டிப்போவிலிருந்தே செ.வுக்குப் போன். லைன் கிடைத்ததும் ஆரம்பித்துவிட்டேன்: "வசந்தாதான் சார். அந்தப் பொண்ணுதான் வெளிய சொல்லுது. மாசக் கடைசியோட அனுப்பிடலாம்." செ., "ஒங்க பொறுப்பு" என்று வைத்துவிட்டார்.

மாலை ரயிலுக்குக் கிளம்பும்போது வசந்தா வழக்கம் போல, "வரேன் சார்." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கை தேர்ந்தவள்.

ஜூலை 24, புதன்

மோட்டார் பெல்ட் பார்க்கத் தறி ஷெட்டுக்குப் போனேன். தறிகள் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சு கேட்காது. ஜன்னலோரம் போன் அடித்தது. செ.தான். முனுசாமி ஒரு காதைப் பொத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்: "ஆங் சார். டிப்போவுக்கு வெள்ளிக்கெழம சரக்கு. மொதல்ல அரக்குக் கரை. அப்பால சின்னத் துண்டு."

ஜன்னலுக்கு வெளியே டீக்கடை பெஞ்ச். வியாபாரியின் ஆள் இரண்டு பேர். ஒருவன் டீயை ஆற்றிக்கொண்டே தலையாட்டினான், தனக்கே சொன்னது போல.

"ஏன்யா இப்படிக் கத்தற?"

"தறி ஓடிகினு இருக்க சொல்ல மெல்லமா பேசுனா ஆருக்குக் கேக்கும்? அப்பிடியே திருப்பிச் சொல்லுன்னு நீங்கதான சார் ஒட்டி வச்சிகீறீங்க?"

என் கையெழுத்து. அவர் தலைக்கு மேலேயே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் தாளைக் கிழித்தேன்.

திரும்பி நேராகப் போர்டு அறைக்கு. சுற்றி வளைத்து, அந்த இரண்டாவது 'டிக்' என்ன என்று கேட்டேன்.

"மொத சத்தம், லைன் குடுக்கறது. ரெண்டாவது, நான் கேக்கற சாவிய மூடிகினு லைன வுட்டு வெளிய போறது சார். அப்பறம் எனக்கு ஒண்ணும் கேக்காது."

நான் வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து சொன்னாள், அதே குரலில்:

"திங்கக்கெழம லைன் கெடச்ச ஒடனே பேசிட்டீங்க. நான் மூடறதுக்குள்ள என் பேரு காதுல வுழுந்துட்ச்சு. முழுசாத்தான் கேட்டேன். அது வெளிய போச்சா சார்?"

இரண்டு நாளாக "வரேன் சார்" சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

நல்ல மழை. குடை ஒழுகுகிறது. தறி ஷெட் போனை ஜன்னல் இல்லாத உள் அறைக்கு மாற்றச் சொல்லியாயிற்று. பேட்டரி இன்னும் வாங்கவில்லை.

செ. அறை பக்கத்து அறைதான். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போனை எடுத்தேன். வசந்தா லைன் கொடுத்தாள். 'டிக்.'

"சார், திங்கக்கெழம நான் சொன்னது தப்பு. சேதி வெளிய போனது என் விதியாலதான். வசந்தாவ வச்சுக்கலாம். நிரந்தரமாவே."

செ. சரி என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டாவது 'டிக்' கடைசி வரை வரவில்லை. நானும் ரிசீவரை வைக்கவில்லை.