பாலத்தில் ஏறாதீர்கள் என்று சொன்னதற்கு

பியர்பொன்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் சாம்பவனுக்கு,

பேர்த் வெயிலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உயிருக்கு ஒன்றுமில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்பாவின் முன்பல் ஒன்று உடைந்துவிட்டது. உடைத்தது உன் தேவதாசன் சித்தப்பா.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் தமிழ் வானொலியில் வழக்கம்போல் நான்தான் காலநிலை சொன்னேன். அரசாங்க எச்சரிக்கையையும் காற்று வரைபடத்தையும் பார்த்துவிட்டு, நாளை மத்தியானம் உறைமழை, ரோட்டெல்லாம் கண்ணாடியாகும், அதன்மேல் புயற்காற்றோடு பனி கொட்டும், பின்னேரம் ஒருவரும் ஆற்றுப் பாலங்களில் ஏறாதீர்கள் என்றேன். அந்தப் பின்னேரம்தான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்ய் மண்டபத்தில் சித்தப்பாவின் மகள் றொஷினியின் அரங்கேற்றம். நான் சொன்னதைக் கேட்டவர்கள் வரமாட்டோம் என்று அவருக்குப் போன் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கதவை உதைத்துக்கொண்டு வந்தார் மனுசன். "என்ர பிள்ளையின்ர சபையைக் குழப்பிப் போட்டியள் மச்சாள், இப்பவே போய் மாத்திச் சொல்லுங்கோ" என்று கத்தினார். நான் மாத்திச் சொன்னால் புயல் மாறுமோ என்று கேட்டேன். என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்பா குறுக்கே வந்தார், சித்தப்பா அவர் முகத்தில் ஓங்கிக் குத்திவிட்டார். அப்பா சுவரில் மோதி விழுந்தார், வாயெல்லாம் இரத்தம். நான் பனி அள்ளும் ஷவலைத் தூக்கிவிட்டேன் மகன், அடித்தே இருப்பேன், அதற்குள் அவர் ஓடிவிட்டார்.

சனிக்கிழமை காற்று மரக்கிளைகளை முறித்துக் கார்களின் மேல் எறிந்தது. கரண்டும் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் சித்தப்பா நகையும் மேக்கப்புமாக றொஷினியை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறியிருக்கிறார். நடுப்பாலத்தில் முன்னால் போன கொள்கலன் லொறியைக் காற்று புரட்டிப் போட, இவருடைய கார் வழுக்கிப்போய் அதில் மோதியது, பின்னால் வந்த கார்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இடித்தன. தகட்டை வெட்டித்தான் பிள்ளையை வெளியே எடுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசிந்துவிட்டது.

புயல் அடங்கினபிறகு வீங்கின முகத்தோடு அப்பாதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தம்பியைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். சித்தப்பாவோ என்னைப் பார்த்து, "நீங்கள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் மச்சாள்" என்றார். என் கை எழும்பியே விட்டது. அப்போது கட்டிலில் கிடந்த றொஷினி, "பெரியம்மா வடிவாச் சொன்னவ அப்பா, நானும் போகவேண்டாமெண்டு அழுதனான்" என்று கத்தினாள். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், நடப்பாள் என்கிறார்கள். ஆடுவாளா என்று கேட்டதற்கு, முதலில் நடக்கட்டும் பார்ப்போம் என்றார் டாக்டர்.

நீ எங்கே போனாலும் பத்திரமாகத் திரும்பிவர ஆண்டவன் உன் கூடவே இருக்கட்டும். றொஷினிக்குக் கட்டாயம் போன் எடு, ஆட்டத்தைப் பற்றி மட்டும் கதைக்காதே. சித்தப்பாவுக்கு எடுத்து ஏசாதே ராசா. ஏசுவதென்றால் அதற்கு நான் இருக்கிறேன்.

உன் நினைவோடு,
அம்மா
பாலாம்பிகை