மாடிப்படிச் சுவரில் சின்னவள்

என் செல்லப் பெரியவளுக்கு, அப்பா தையல் மேசையிலிருந்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மிஷின் கடகடவென்று சுகம், உன் அம்மா அதைவிடச் சத்தமாகச் சுகம். சின்னவளைப் பற்றி மட்டும் அப்படி ஒரு வரியில் எழுத முடியவில்லை.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், உன் அம்மா வாயால் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். நம் கடைக்கு மேலே இருக்கிற தனியார் சர்க்கரை ஆஸ்பத்திரியின் மாடிப்படிச் சுவரில் உன் தங்கையின் படம் மாட்டியிருக்கிறதே, அதற்குத் துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியால் மீசை வரைந்துகொண்டிருந்தபோது புதிதாக வந்த வாட்ச்மேனிடம் பிடிபட்டேன். வழவழத் தாளில் ஒரு பக்க மீசைதான் ஏறியது, பாதியில் விட்டால் பார்க்க நன்றாக இருக்காதே என்று மறுபக்கம் அழுத்தியதில் மாட்டிக்கொண்டேன். "யோவ், வயசுப் பொண்ணு படத்துல கை வைக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று சட்டையைப் பிடித்தான். என் மகள்தானய்யா என்றேன். "ஆமா, உள்ள இருக்கிற டாக்டர் என் மச்சான்" என்றான். உன் அம்மா வந்துதான் மீட்டுப் போனாள். வழியெல்லாம் திட்டிய திட்டில் வாட்ச்மேனே தேவலை என்று ஆகிவிட்டது.

அந்தப் படத்தை யாரோ அனுப்பி நீ பார்த்தாயாம், "இனிமே கவலை இல்லப்பா" என்று எனக்கும், நன்றி என்று டாக்டருக்கும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்றுதான் கை சாக்கட்டியை எடுத்தது. படத்தில் பார்த்தாயே, அந்த சர்க்கரை சென்சார் சின்னவள் கையில் இப்போது இல்லையம்மா. உனக்குச் சொல்ல வாய் வராமல் மறைத்தோம்.

டாக்டரின் வெள்ளைக் கோட்டெல்லாம் நான் தைப்பதுதான், உனக்குத் தெரியும். அண்ணே அண்ணே என்று கடையிலேயே உட்கார்ந்து டீ குடித்த மனுஷன். சின்ன வயதிலிருந்து இன்சுலின் ஊசியே உயிராக இருக்கிற பிள்ளை என்று, கையில் ஒட்டினால் சர்க்கரையைச் சொல்லும் காசளவு வெள்ளைச் சென்சாரை மூன்று மாதம் சும்மா கொடுத்தார். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் உயிருக்கே ஆபத்து இல்லையா, அப்போது போனே கத்தி எழுப்பிவிடும். வருஷக்கணக்காகக் கோழித் தூக்கம் தூங்கிய உன் அம்மா முதல் தடவையாக விடியும்வரை தூங்கினாள், மூச்சு வருகிறதா என்று நான்தான் எழுந்து பார்த்தேன். பிறகு படம் எடுத்தார்கள், விழா வைத்தார்கள், என்னை மேடையேற்றி இரண்டு ஜோக்கும் சொல்லவைத்தார்கள். "அண்ணே, இனிமே இவ என் பொண்ணு" என்று என் கையைப் பிடித்து டாக்டர் சொன்னபோது, சரி ஒரு கல்யாணச் செலவு மிச்சம் என்றுகூட நினைத்தேன். நான்காம் மாதம் போனால், "அது அறிமுகத்துக்குக் குடுத்ததுங்க, இனிமே நீங்களேதான் வாங்கிக்கணும்" என்றாள் முன்மேசைப் பெண். அவள் சொன்ன விலைக்கு என்னையும் மிஷினையும் சேர்த்து விற்றாலும் போதாது. கண்ணாடிக் கதவு வழியாக டாக்டர் என்னைப் பார்த்தார், உடனே போனைப் பார்த்தார். கோட்டு இன்னும் வருகிறது, ஆள் மூலமாக.

அதே வாரம் நகைக்கடைக்காரர் மனைவி மகனோடு வந்தாள். அவனுக்கும் சின்னவள் வயது, அவளுக்கு இருக்கிற அதே வியாதி. இடுப்பில் தானாக மருந்து ஏற்றும் இன்சுலின் பம்ப் வைக்க ஒரு பை தைக்க வேண்டுமாம். அளவெடுக்கும்போதே அவன் போன் கீச்சென்றது, அந்த அம்மா பேச்சை நிறுத்தாமலே ஜூஸை நீட்டினாள், அவ்வளவுதான் விஷயம். சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்த சின்னவள் தலையே தூக்கவில்லை. அவர்கள் போன பிறகு, "அவனுக்காக ராத்திரி யாருப்பா முழிச்சிருப்பா?" என்று கேட்டாள். யாரும் வேண்டாம்மா என்றேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இன்சுலின் சும்மா தருகிறார்கள், அந்த மட்டும் புண்ணியம். விரலைக் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப்தான் பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். போன தடவை ரிப்போர்ட்டைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதா உனக்கு?" என்று அங்கே திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன், படுபாவி. பிறகுதான் கவனித்தேன், மருந்துப் புட்டி தீரவேண்டிய காலத்தில் தீரவில்லை. ராத்திரி ஊசியைக் குறைத்துக் குறைத்துப் போட்டிருக்கிறாள். சர்க்கரை ஏறியே கிடந்தால் தூக்கத்தில் இறங்காதாம், யாரும் விழித்திருக்க வேண்டாமாம். கேட்டதற்கு, "அம்மா தூங்கினதைப் பாத்துட்டேன்ல" என்றாள். இப்படிப் போனால் கண்ணும் கிட்னியும் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த மூன்று மாதத்தைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம் அந்த மனுஷன்.

இப்போது ஊசியை என் கண் முன்னால்தான் போடுகிறாள், முழு அளவு. அம்மாவும் நானும் முறை வைத்து விழிக்கிறோம். என் முறையில் நான் குறட்டை விடுவதாக அம்மா சொல்வதை நம்பாதே. யாராவது இங்கே வந்தால் ஸ்ட்ரிப் கொடுத்தனுப்பு, ஆனால் உன் வயிற்றைக் கட்டி வாங்காதே. அந்த டாக்டருக்கு இனி நன்றி எழுதாதே. நான் இதெல்லாம் சொன்னதாகச் சின்னவளிடம் மூச்சு விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள்.

உன் அப்பா,
ஒரு பக்க மீசைக்காரன்.

ஒன்று விட்டுப்போயிற்று. படம் எடுத்த அன்று காலை குளிக்கும்போது சென்சார் கழன்று விழுந்துவிட்டது. சொன்னால் எங்கே படம் நின்றுவிடுமோ என்று என் பெட்டியிலிருந்து பெரிய வெள்ளைப் பொத்தான் ஒன்றை ஒட்டி அனுப்பினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார், நாலு ஓட்டையும் தெரியும்.