ஈரம் என்று எழுதினேன்

அன்பு மனைவிக்கு,

உன் தம்பி நலம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதியம் என் கேபினுக்கு வந்தான், காபி குடித்தான்.

அவன் ஏற்றுமதி செய்யும் சர்க்கரை மூட்டைகள் கப்பலில் ஏறும்போதே அடியில் கறுத்திருந்தன. தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. "பனிதான், அத்தான். வெயில்ல காஞ்சிடும்" என்றான். கப்பலின் வயிற்றுக்குள் வெயில் எங்கே அடிக்கிறது?

ஏறும்போது சரக்கு எப்படி இருந்ததோ, அப்படியே கேப்டன் ரசீதில் எழுத வேண்டும் என்பது கடல் சட்டம். அக்கரையில் வாங்குபவர் மூட்டையைப் பார்ப்பதில்லை. என் கையெழுத்தை நம்பித்தான் பணம் கட்டுகிறார். "நல்ல நிலைமைனு போடுங்க, இல்லேன்னா நான் நடுத்தெருவுலதான்" என்றான். வழக்கு வந்தால் தானே பொறுப்பு என்று எழுதியும் நீட்டினான். அந்தக் காகிதம் கோர்ட்டில் நிற்காது. தெரிந்தே பொய் எழுதினேன் என்பதற்குத்தான் சாட்சியாகும்.

நான் அசையவில்லை. உடனே உனக்கு ஃபோன் போட்டு என் காதில் வைத்தான்.

"போட்டுக் குடுத்துடுங்களேன், என் தம்பிதானே" என்றாய். அதற்கப்புறம் நீ சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

"அடி மூட்டைகளில் ஈரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவன் கத்தவில்லை. படியில் இறங்கும்போது, "வரேன் கேப்டன்" என்றான்.

சற்று நேரத்தில் கயிறு அவிழ்ப்பார்கள். அடுத்த துறைமுகத்திலிருந்து ஃபோன் செய்வேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எடுத்ததும் முதலில் "என்னங்க" என்று மட்டும் சொல்லிவிடு.

இன்னும்
உன்னவன்