ஒரு வயது கூட்டும் சூப்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் சண்டையில் முடியும் என்பதால் எழுதுகிறேன். என்னிடம் கேட்காமல் தன்சானியாவுக்குத் தொண்டு வேலைக்குப் போனது பிழைதான். அதில் மாற்றமில்லை.

உன் அறையில் இப்போது ஹேவொன் இருக்கிறாள். கல்முனைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கச் சம்பளமில்லாமல் வந்த கொரியப் பிள்ளை. நோன்பு தொடங்க முன்னம் அவர்களுடைய புத்தாண்டு வந்தது. அவளோடு படிப்பிக்கும் பாண்டிருப்பு டீச்சரும் அடுத்த வீட்டு பஸ்மினாவும் அவளோடு சேர்ந்து அரிசிமாவைப் பிசைந்து, அவித்து, வில்லைகளாக வெட்டி இறைச்சிச் சூப்பில் போட்டார்கள். குசினி முழுக்கச் சிரிப்பு.

"உம்மா, இதைக் குடிச்சா ஒரு வயசு கூடும்" என்றாள் ஹேவொன்.

"இருக்கிற வயசே காணும் புள்ள. அரைக் கோப்பை ஊத்து."

பிறகு என் முன்னால் மண்டியிட்டுக் குனியப் பார்த்தாள். மூத்தவர்களிடம் அப்படித்தான் வாழ்த்துக் கேட்பார்களாம். தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"மனிசருக்குக் குனியக்கூடாது மகள். கையத் தா."

இரண்டு கையையும் தந்தாள். தூரத்தில் இருக்கும் பிள்ளையை நல்ல மனிதர்களிடம் சேர்த்துவை என்று அல்லாஹ்விடம் துஆச் செய்தேன். முடிந்த பிறகும் கையை விட மனம் வரவில்லை. நீ பயணம் சொல்ல வந்தபோது நான் என் அறைக் கதவைத் திறக்கவில்லை. திறக்காதது சரிதான். ஆனால் அந்த துஆ என்னிடமே இருந்துவிட்டது.

நோன்புப் பெருநாளைக்கு அங்கே சும்மா இருக்காதே. வட்டிலப்பம் செய்து உன் புதுச் சிநேகிதிகளுக்குக் கொடு. நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவும் நம்ம மார்க்கம் என்று பஸ்மினா சொன்னாள். அவரிடம் கையை நீட்டி துஆக் கேள். அந்த நேரம் எனக்குப் போனில் கோல் எடு. நான் கதைக்கமாட்டேன். ஆமீன் மட்டும் சொல்லுவேன்.

உன் உம்மா