நட்டுக்கு ஒரு தூக்கம்

என் மெக்கானிக் மகாராஜாவுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஷெட் சாவி ஆணியில்.

அந்தக் காற்றுக் கம்ப்ரசரை நீங்கள் மார்போடு அணைத்துத் தூக்கி வந்தபோதே சொன்னேன். "கைக்கு அடக்கமா இருக்கு, பெட்டியில பிரஷர் எவ்வளவு போட்டிருக்கான் பாரு!" என்று பூரித்துப்போனீர்கள். பிரஷர் கிடக்கட்டும், நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று தரும் என்று கேளுங்கள், நட்டு கழற்றும் ஏர் கன் காற்றை மடமடவென்று குடிக்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "எனக்கே பாடமா?" என்றீர்கள்.

நேற்று சாயங்காலம் என் காரில் பஞ்சரான டயரை மாற்ற உட்கார்ந்தீர்கள். ஒரு நட்டு கழன்றதும் கன்னுக்கு மூச்சு வாங்கியது. கம்ப்ரசர் டேங்கில் மறுபடி காற்று நிரம்பட்டும் என்று காத்திருந்தீர்கள். அது நிரம்புவதற்குள் குறட்டை.

பத்து மணிக்கு டாக்சிக்காரர் பிரேக் பார்க்க வருவார். நாலு சக்கரம். வீல் ஸ்பானரையே எடுங்கள். மனுஷர் மத்தியானம் சவாரிக்குப் போயாக வேண்டும்.

பி.கு: காரைக் காணோம் என்று அலறாதீர்கள். காலையில் மிச்ச நட்டுகளை நானே கழற்றி, டயரை மாற்றி, வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். கம்ப்ரசர் டிக்கியில் இருக்கிறது. வரும்போது கடையில் கொடுத்துப் பெரிதாக மாற்றி வருகிறேன்.

இன்னொன்று: பெட்டியின் பின்பக்கத்தை இப்போதுதான் படித்தேன். "பந்து, சைக்கிள் டயர், காற்று மெத்தைக்கு ஏற்றது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உங்களுக்குக் கம்ப்ரசரை மாற்றட்டுமா, இல்லை, மெத்தையே வாங்கி வரட்டுமா? எழுந்ததும் போன் பண்ணுங்கள்.