நேற்றிரவு தூங்கியவர்கள்

கார்த்திகை 9, புதன்

ஆன்லைனில் படிக்கும் பொதுச் சுகாதாரப் பட்டத்துக்காக இன்று பத்து வீடுகளில் கணக்கெடுத்தேன். நேற்றிரவு எத்தனை பேர் தூங்கினார்கள் என்பது முதல் கேள்வி. செல்வி அக்கா, “நாலு பேரு” என்றார். அவரும் இரண்டு பிள்ளைகளும்தான் அங்கே இருக்கிறார்கள். கணவர் போன விசைப்படகு மூன்று மாதமாகக் கரை திரும்பவில்லை.

“அண்ணனையும் சேத்துச் சொல்றீங்களாக்கா?”

“ராத்திரி வந்து படுத்துட்டு விடியுமுன்ன போயிடுறாக. பாயைத் தொட்டுப் பாரு.”

ஈரமாக இருந்தது. மழைக்காலம், கூரை ஒழுகியிருக்கும். மூன்று என்றே எழுதினேன்.

பத்தாவது எங்கள் வீடு. அம்மாவும் நானும், இரண்டு பேர். அதே படகில்தான் அப்பாவும் போனார்.

இப்போது பார்க்கிறேன், அம்மா மூன்று பாய் விரித்திருக்கிறாள். சுவரோரம் கிடப்பதைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.